கைநாட்டும் கைநோட்டும்

'தமிழ் சரியாப் படிக்கல' என்பார்கள். 'வரலாறு ஒழுங்கா மனப்பாடம் பண்ணல' என்பார்கள். கணக்குக்கு மட்டும் 'வராது' என்கிறார்கள். 'இவளுக்குக் கணக்கு வராது.' இந்த வினைச்சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கணும். படிக்கல என்றால் நாளைக்குப் படித்துக்கொள்ளலாம். வராது என்றால் எப்பவுமே வராது. முதலாவது ஒரு பிள்ளை செய்ததைப் பற்றிய பேச்சு. இரண்டாவது அந்தப் பிள்ளை பிறந்ததைப் பற்றிய பேச்சு. பிறப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நம்ம நாட்டில் புதுசா என்ன?

சேரிப் பிள்ளை இந்தத் தீர்ப்பை இரண்டு இடத்தில் கேட்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒருதரம், வீட்டில் ஒருதரம். 'நமக்கு எங்கடி கணக்கு வரும், கூலிய எண்ணி வாங்கத் தெரிஞ்சாப் போதும்' என்று அம்மாவே சொல்கிறாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்கு அவள் வாத்தியார் சொன்னது, அவள் அம்மாவுக்கு ஆண்டை சொன்னது, அப்படியே இறங்கி வந்திருக்கிறது. தீர்ப்பு, எழுதினவன் வாயிலிருந்து தண்டனை அனுபவிக்கிறவள் வாய்க்கு மாறிவிட்டால், அப்புறம் அதைக் காவல் காக்க ஆள் வைக்கத் தேவையில்லை.

நம்ம பிள்ளைகளுக்குக் கணக்கில் தன்னம்பிக்கை இல்லை என்று ஆசிரியர் கூட்டங்களில் பேசுகிறார்கள். உண்மைதான். அதற்கு மருந்தாக அவர்கள் சொல்வது ஊக்கம். 'உன்னால முடியும்', கைதட்டு, நோட்டில் ஒரு நட்சத்திரம். இங்கேதான் ஒரு அறக் கேள்வி எழுகிறது. தன்னம்பிக்கை என்பது ஒருத்தர் இன்னொருத்தருக்குக் கொடுக்கக்கூடிய பொருளா? தட்டிக்கொடுத்து வருகிற நம்பிக்கை, தட்டிக்கொடுத்தவர் கையில் இருக்கிறது. அவர் கையை எடுத்தால் அதுவும் போய்விடும். கொடுக்கிறவர், வாங்குகிறவர் என்கிற பழைய உறவு அதில் கலையாமல் இருக்கிறது. அடுத்தவர் போட்டு நாம் வாங்குகிற நம்பிக்கைக்குத் தன்னம்பிக்கை என்று பேர் வைக்கலாமா?

நான் நினைக்கிறது வேற. 'இது சரி. ஏன் சரின்னு எனக்குத் தெரியும். யார் மாத்திச் சொன்னாலும் எடுத்துக் காட்டுவேன்.' இந்த நிலைமைக்குப் பேர்தான் தன்னம்பிக்கை. எடுத்துக் காட்டுவதற்குக் கையில் ஒரு பொருள் வேணும். பிள்ளை தன் கையால் செய்து பார்த்து, தன் பேச்சில் எழுதி வைத்த நோட்டுதான் அந்தப் பொருள். ஒரு நோட்டுக்கு இவ்வளவு பெருமையா என்று கேட்பவர்கள், கணக்கை எழுதுகிற கை இதுவரை யாருடையதாக இருந்தது என்பதை யோசித்துப் பார்க்கட்டும்.

*

தமிழில் கணக்கு என்ற சொல்லுக்கு இரண்டு முகம். ஒன்று பள்ளிக்கூடப் பாடம். மற்றது, யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கணும் என்ற எழுத்து. இரண்டாவது முகத்தைத்தான் நம்ம ஜனங்க அதிகமாகப் பார்த்திருக்கிறார்கள்.

காவிரிக் கடைமடையில் நிலத்தை இன்றும் 'மா' என்றுதான் சொல்கிறார்கள். 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. மூணு மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். பழைய தமிழ்க் கணக்கில் மா என்பது ஒரு பின்னத்தின் பெயரும்கூட. இருபதில் ஒரு பங்கு மா. பதினாறில் ஒன்று வீசம், எண்பதில் ஒன்று காணி, முந்நூற்று இருபதில் ஒன்று முந்திரி. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை உருப்போட்டு இதையெல்லாம் பிள்ளைகள் படித்தார்கள். எந்தப் பிள்ளைகள்? திண்ணையில் ஏற அனுமதி இருந்த பிள்ளைகள். வயலில் இறங்கி அந்த மாவை நட்டவளுக்கு மா என்றால் எத்தனை ஆள் நடவு, எத்தனை கட்டு நாத்து, எந்த நேரத்தில் கரையேறலாம் என்று இடுப்பு வலியாகவே தெரியும். அவள் பிள்ளைக்குத் திண்ணையும் இல்லை, சுவடியும் இல்லை. மாவை இடுப்பால் அறிந்தவர்கள் ஒரு பக்கம், மாவை எழுத்தால் அறிந்தவர்கள் ஒரு பக்கம். சாதி கையையும் கணக்கையும் பிரித்து வைத்த விதம் இதுதான்.

களத்துமேட்டிலும் இதே ஏற்பாடு. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். அறுத்தவள், கட்டுச் சுமந்தவன், அடித்தவன், தூற்றியவள் எல்லாரும் இந்தப் பக்கம் நிற்பார்கள். அளந்து சொல்கிற வாயும் எழுதுகிற கையும் அந்தப் பக்கம். முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணமாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். யாருக்கு லாபம் என்று களத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் குவியலைப் பார்த்து 'இது இத்தனை கலம் தேறும், எனக்கு இவ்வளவு வரணும்' என்று மனசில் போட்ட கணக்கை எந்தப் பேரேடும் ஏற்றுக்கொண்டதில்லை. ஊர்க் கணக்குப்பிள்ளை வேலையும் பரம்பரையாகத்தான் இருந்தது. தமிழக அரசு 1980இல்தான் அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்தது.

1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அதற்கு முன்னால் அந்த வட்டாரத்தில் நடந்த போராட்டம், கூலி நெல்லின் அளவைக் கூட்டிக் கேட்ட போராட்டம். அரைப்படி என்றுதான் அது ஜனங்க நினைவில் இன்றும் நிற்கிறது. 'அரை' என்கிற பின்னத்துக்கு எங்க பக்கத்தில் இவ்வளவு கனம் உண்டு. கணக்கு என்பது வாழ்க்கைக்கு ஒட்டாத பாடம் என்று எங்க பிள்ளைகளிடம் யாரும் சொல்லக்கூடாது.

எழுதியிருப்பது என்னவென்று தெரியாமல் அதன் அடியில் விரலை வைப்பதுதான் கைநாட்டு. எழுத்து அவனுடையது, கடன் நம்முடையது. நம்ம தாத்தா பாட்டிகளுக்குக் கணக்கோடு இருந்த உறவு அந்தப் பெருவிரல் அளவுதான்.

*

இப்போது பள்ளிக்கூடம் வருவோம். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. பாடநூலும் நோட்டும் விலையில்லாமல் கிடைக்கின்றன. வாத்தியார் போர்டில் கணக்கைப் போடுகிறார். பிள்ளை பார்த்து எழுதுகிறது. இடதுபக்கம் கோடு, வலதுபக்கம் தேதி, விடைக்கு அடியில் இரண்டு கோடு. சிவப்பு மையில் 'டிக்', பக்கத்தில் 'குட்'. நோட்டைப் பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. அந்த நோட்டை மூடிவிட்டு, 'இந்த வரிக்கு அடுத்த வரி ஏன் இப்படி வந்துச்சு?' என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும்.

நான் இதையும் கைநாட்டு என்றுதான் சொல்வேன். எழுத்து வேறொருத்தருடையது. பிள்ளை செய்தது அதன் அடியில் தன் கையை வைத்ததுதான். முன்னால் பெருவிரல், இப்போது அஞ்சு விரலும். பார்த்து எழுதுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பார்த்து எழுதியும் சில பழக்கங்கள் வரும். பார்த்து எழுதியதை மட்டுமே 'படிப்பு' என்று ஏற்றுக்கொள்வதுதான் தப்பு. அடுத்தவர் எழுத்தில் இருப்பதுதான் அறிவு, என் மனசில் ஓடுவது அறிவு இல்லை என்று அந்தப் பிள்ளை நாள்தோறும் எழுதி எழுதிப் பழகுகிறது. இதை நாம் எதற்குப் பழக்கணும்? ஆயிரம் வருஷமாகப் பழக்கியது போதாதா?

போர்டு பற்றி ஒரு பழைய சம்பவம் உண்டு. அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். ஒரு கணக்கைப் போடச் சொல்லி ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். உடனே வகுப்பில் கூச்சல். சாதி இந்துப் பையன்களின் சாப்பாட்டு டப்பாக்கள் கரும்பலகைக்குப் பின்னால் இருந்தன. அவர் தொடுவதற்குள் ஓடிப்போய் டப்பாக்களை எடுத்துக்கொண்டார்கள். தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது வருகிறது. அந்த மாணவர் பின்னால் பொருளாதாரம் படித்து, இந்திய நாணயத்தின் சிக்கலைப் பற்றி 1923இல் ஒரு நூலே வெளியிட்டார். அந்தக் காலத்து வகுப்புக்கு அவர் கணக்குத் தெரியவில்லை, அவர் கைதான் தெரிந்தது. கரும்பலகை பொதுச் சொத்து இல்லை என்பதை இந்தச் சம்பவத்தைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு பிள்ளைக்குத் தொட்டு எழுத, அழித்து எழுத, தனக்கென்று ஒரு பரப்பு வேணும். நோட்டு அந்தப் பரப்பு.

*

எங்க தெருவில் ஒரு ஓட்டுக் கொட்டகையில் சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆறாவது படிக்கிற பிள்ளைகளிடம் ஒருநாள் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். பாதிக்கு மேல் பேர் 2/5 என்று எழுதினார்கள். மேலே இருக்கிற ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு, கீழே இருக்கிற ரெண்டும் மூணும் அஞ்சு. அதே பிள்ளைகளின் பள்ளிக்கூட நோட்டில் மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடித்து, பகுதியைச் சமமாக்கி, அழகாகப் போட்ட அதே மாதிரிக் கணக்கு 'டிக்' வாங்கிக்கொண்டு படுத்திருந்தது.

பழைய காலண்டர் தாளைக் கிழித்து ஆளுக்கொன்று கொடுத்தேன். நெடுக்கில் சரிபாதியாக மடிக்கச் சொன்னேன். பிரித்துவிட்டுக் குறுக்கில் மூணாக மடிக்கச் சொன்னேன். பிரித்தால் ஆறு கட்டம். 'இதுல பாதி எத்தனை கட்டம்?' மூணு. 'மூணுல ஒரு பங்கு எத்தனை கட்டம்?' ரெண்டு. மூணும் ரெண்டும் அஞ்சு. ஆறில் அஞ்சு. தாளை நோட்டில் ஒட்டினார்கள். பக்கத்தில் என்ன தோணுதோ அதை அவரவர் பேச்சில் எழுதச் சொன்னேன். ஒரு பெண் எழுதியதை அப்படியே தருகிறேன்: 'அரையோட கொஞ்சம் சேத்தா அரையவிட ஜாஸ்தியாத்தான் ஆவும். அஞ்சுல பாதி ரெண்டரை. அப்ப 2/5 அரையவிட கம்மி. அதனால 2/5 பொய்.'

'தப்பு' என்று எழுதவில்லை, 'பொய்' என்று எழுதியிருக்கிறாள். இனி வாத்தியாரே 2/5 என்று போர்டில் எழுதினாலும் அவள் நம்பமாட்டாள். 'அக்கா சொன்னாங்க' என்பதால் அல்ல. மடித்த தாள் அவளிடம் இருக்கிறது. காரணம் அவள் கையெழுத்தில் இருக்கிறது. மீச்சிறு பொது மடங்கு எதற்கு என்பதும் அப்போதுதான் புரிகிறது. இரண்டாகவும் மடியணும், மூணாகவும் மடியணும், அதற்கு ஆறு கட்டம் வேணும். அவ்வளவுதான் விஷயம்.

அதிலிருந்து ஆளுக்கு இரண்டு நோட்டு. ஒன்று பள்ளிக்கூடத்துக்கு. அது அவர்கள் கேட்கிற மாதிரி இருக்கட்டும். மற்றது கைநோட்டு. அதில் நான் பேனா வைப்பதில்லை. கணக்குக்குக் கணக்கு அஞ்சு விஷயம் எழுதணும். என்ன செஞ்சேன். என்ன பார்த்தேன். தங்கச்சிக்கு இதை எப்படிச் சொல்வேன். புத்தகம் இதை எப்படி எழுதுது. எங்க மாட்டிக்கிட்டேன். படம் வரையலாம், புளியங்கொட்டை ஒட்டலாம், நூல் வைத்துத் தைக்கலாம். எழுத்துப்பிழை பற்றிப் பேச்சில்லை. ஒரே ஒரு சட்டம், அழிக்கக்கூடாது. தப்பாகப் போட்டதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அடியில் சரியானதை எழுதணும்.

அழிக்கக்கூடாது என்றதற்குக் காரணம் உண்டு. நம்ம பிள்ளைகள் ரப்பரை வைத்துத் தாள் கிழிகிற அளவுக்குத் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். மற்ற பிள்ளை தப்பு செய்தால் அது கவனக்குறைவு. சேரிப் பிள்ளை தப்பு செய்தால் அது 'அந்தத் தெரு' ஆகிவிடுகிறது. அதனால் தப்பு தெரியக்கூடாது என்று பிள்ளை பயப்படுகிறது. தெரியாமல் மறைத்த தப்பு எங்கே திருந்தும்? எழுத்தில் தப்பாக இருப்பதற்கும் ஒரு உரிமை வேணும். தன் தப்பைத் தானே கண்டுபிடித்து, கோடு போட்டு, காரணம் எழுதிய பக்கம்தான் அந்த நோட்டிலேயே பெருமையான பக்கம். ஆசிரியருக்கும் அதுதான் உபயோகம். பிள்ளை எந்த வரியில் நின்றது என்று சுத்தமான நோட்டு சொல்லாது, அடித்த நோட்டு சொல்லும்.

*

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். வரணும். 'கையால செஞ்சு படிக்கிறது என்று நீங்க சொல்றது எங்கேயோ கேட்ட குரலா இருக்கே?' ஆமாம். 1937இல் காந்தியார் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி கைத்தொழில் வழியாகப் படிக்கச் சொன்னது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் கிராமத்துப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பழகச் சொன்னது. குலக்கல்வி என்று தமிழகமே எழுந்து எதிர்த்தது. 1954இல் காமராஜர் வந்து அதைக் கைவிட்டார். நமக்குக் கைவேலை, அவர்களுக்கு மூளை வேலை என்கிற பங்கீட்டைக் கல்வி என்று பேர் சொல்லிக் கொண்டுவந்தால் நாம் சந்தேகப்படத்தான் வேணும்.

அந்தச் சந்தேகம் நியாயமானது. அதனால்தான் நான் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கையிலிருந்து தொடங்கணும், கையோடு நின்றுவிடக் கூடாது. புளியங்கொட்டையை எண்ணி, தாளை மடித்து, 'பாருங்க, பிள்ளைங்க எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க' என்று படம் எடுத்துக்கொண்டு போய்விட்டால் அதுவும் ஏமாற்றுதான். கட்டத்திலிருந்து எண்ணுக்கு, எண்ணிலிருந்து எழுத்துக்கு, 'ஏதோ ஒரு எண்' என்பதை x என்று எழுதுகிற இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோகணும். அந்த x ஊர்த்தெருவுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்து அல்ல. கைநோட்டில் 'புத்தகம் இதை எப்படி எழுதுது' என்ற நாலாவது வரி அதற்காகத்தான். நம்ம பேச்சு முதலில். அவர்கள் எழுத்து அப்புறம். இரண்டும் ஒரே பக்கத்தில். பேச்சை மட்டும் வைத்துக்கொண்டால் பிள்ளை தெருவைத் தாண்டாது. புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டால் அது திரும்பவும் கைநாட்டு.

இதே கேள்வியோடு கடல் கடந்தும் ஒருத்தர் மல்லுக்கட்டியிருக்கிறார். பாப் மோசஸ் என்கிற கறுப்பினப் போராளி. 1960களில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், பருத்திக்காட்டுக் கறுப்பர்களை வாக்காளராகப் பதிவு செய்யப் போராடியவர். அங்கே ஓட்டுரிமை கேட்டுப் போனால், மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்வார்கள். எழுதியது சரியா என்று முடிவு செய்கிறவர் வெள்ளைக்கார அதிகாரி. பங்குக்குப் பயிர் செய்தவர்களின் வருஷக் கணக்கும் நிலக்காரன் பேரேட்டில்தான் இருந்தது. எழுத்தும் கணக்கும் அடுத்தவர் கையில் என்ற கதை நமக்கு மட்டும் சொந்தமில்லை.

அந்த மோசஸ் 1982இல் அல்ஜீப்ரா திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார். ஓட்டுக்கு அடுத்த குடியுரிமைப் போராட்டம் கணக்கு என்றார். அல்ஜீப்ரா தெரியாத ஏழைப் பிள்ளைக்கு இந்தக் காலத்துப் பொருளாதாரத்தில் இடமில்லை என்பது அவர் வாதம். அவருடைய முறையில் பிள்ளைகள் முதலில் பாஸ்டன் பக்கத்து ரயிலில் ஏறிப் பயணம் போவார்கள். திரும்பி வந்து அந்தப் பயணத்தைப் படமாக வரைவார்கள். அப்புறம் தங்கள் சொந்தப் பேச்சில் எழுதுவார்கள். அந்தப் பேச்சிலிருந்து எந்தப் பக்கம், எத்தனை நிறுத்தம் என்ற அம்சங்களைப் பிரித்து ஒழுங்கான வாக்கியமாக்குவார்கள். கடைசியில்தான் குறியீடு. மிகை எண்ணும் குறை எண்ணும் அவர்களுக்கு இப்படி வந்து சேர்ந்தன. 2021இல் மோசஸ் இறந்தார். பிள்ளையின் பேச்சைக் கீழானது என்று ஒதுக்காமல், அதிலேயே நின்றுவிடவும் விடாமல், குறியீடு வரைக்கும் நடத்திக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அவர் செய்து காட்டிவிட்டுப் போனார்.

தமிழ்நாட்டிலும் ஒரு நல்ல முயற்சி நடந்தது. செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது சுவரின் அடியில், பிள்ளை உட்கார்ந்து எழுதுகிற உயரத்தில் அடித்த கரும்பலகை. ஆளுக்கொரு பாகம். பம்பாய் வகுப்பறையில் அன்று மறுக்கப்பட்டது, நம்ம கிராமத்துச் சுவரில் ஒரு முழம் உயரத்தில் வந்து நின்றது. ஆனால் பலகையில் எழுதியது சாயங்காலம் அழிந்துவிடும். கற்றல் அட்டைகள் அச்சில் வந்தவை. பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்குக் காட்டக்கூடிய, அடுத்த வருஷம் திருப்பிப் பார்க்கக்கூடிய, தானே எழுதிய சாட்சி ஒன்று வேணும். அதை அரசாங்கம் அச்சடித்துத் தர முடியாது.

*

இதெல்லாம் வயிற்றுக்குச் சோறு போடுமா என்று கேட்பவர்களுக்கு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறேன்.

எங்க தெருப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாரத் தவணைக்குக் கடன் வாங்குகிறார்கள். வசூலுக்கு வருகிறவர் 'வட்டி நூத்துக்குப் பத்துதான்' என்று சொல்லியிருந்தார். எட்டாவது படிக்கிற பிள்ளைகள் அந்தக் கணக்கைக் கைநோட்டில் எடுத்தார்கள். எண்ணைச் சின்னதாக்கிக்கொண்டோம். ஆயிரம் ரூபாய் கடன், பத்து வாரம். வாரம் அசல் நூறு, வட்டி பத்து. மொத்தம் கட்டுவது 1100.

கட்டம் போட்ட தாளில், ஒரு கட்டம் நூறு ரூபாய் ஒரு வாரம் கையில் இருப்பது என்று வைத்தோம். முதல் வாரம் பத்துக் கட்டம். நூறு கட்டியாச்சு, அடுத்த வாரம் ஒன்பது. அப்புறம் எட்டு, ஏழு. கடைசி வாரம் ஒன்று. வெட்டி ஒட்டினால் படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. எண்ணினால் 55 கட்டம். ஆயிரம் ரூபாயும் பத்து வாரமும் முழுசாகக் கையில் இருந்திருந்தால் 100 கட்டம். ஒரு பிள்ளை அடியில் எழுதியது: 'நூறு கட்டத்துக்கு வட்டி வாங்குறாங்க. நம்ம கையில இருந்தது அம்பத்தஞ்சு கட்டம்தான். மீதி நாப்பத்தஞ்சு கட்டம் அவங்ககிட்ட திரும்பிப் போயிருச்சு. போனதுக்கும் வட்டி.' அதாவது சொன்ன வட்டியைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு. 100ஐ 55ஆல் வகுத்தால் 1.8க்குக் கொஞ்சம் மேல்.

அந்தப் படிக்கட்டைப் பார்த்த அம்மாக்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி 'இதத்தான் எங்கப்பன்கிட்டயும் பண்ணானுவ' என்றாள். அடுத்த வாரம் வசூலுக்கு வந்தவரிடம் நோட்டைக் காட்டிக் கேட்டார்கள். 'எல்லாம் கையெழுத்துப் போட்டப்பவே சொன்னதுதானே' என்றார். மீதித் தவணையைக் கட்டித்தான் தீர்த்தார்கள். கடன் தள்ளுபடி ஆகவில்லை, புரட்சியும் வரவில்லை. அடுத்த கடனுக்குத் தாளை நீட்டியபோது, 'வாரா வாரம் எவ்வளவு பாக்கி நிக்குதுன்னு எழுதிக் காட்டுங்க, பிள்ளைங்க பாத்துட்டுச் சொல்லும், அப்புறம் கையெழுத்துப் போடுறோம்' என்றார்கள். இவ்வளவுதான் நடந்தது. ஆனால் படிக்காமல் கைநாட்டு வைத்த தலைமுறைக்கும் இந்த வாக்கியத்துக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை நினைத்துப் பாருங்கள்.

*

தன்னம்பிக்கைக்கு விலை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. 'சார், இது தப்பு' என்று வகுப்பில் எழுந்து சொன்ன பிள்ளையை வெளியே நிறுத்திய கதை எங்களிடமே உண்டு. அந்தப் பிள்ளையின் அம்மா வந்து, 'எதுக்குக்கா இதெல்லாம் சொல்லிக் குடுக்குற, வாயத் தொறந்தா எம்புள்ளைக்கித்தான அடி' என்று அழுதாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது? அடங்கிப் போகிற பிள்ளைக்கு அடி குறைவு என்பது நிஜம். குறையும், ஆனால் நிற்காது என்பதும் நிஜம். துணிச்சலைக் கற்றுக்கொடுத்துவிட்டு அதன் விலையைப் பிள்ளை தலையில் கட்டுவது நியாயமில்லை. அதனால் கைநோட்டோடு சேர்த்துப் பெரியவர்களும் நிற்கணும். தனிப் பிள்ளை கேட்டால் திமிர் என்பார்கள். பத்துப் பிள்ளை ஒரே கணக்கைப் பத்து விதமாகச் செய்து வைத்திருந்தால், பெற்றோர் அந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனால், அதைத் திமிர் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

ஒரு நோட்டு சாதியை ஒழிக்காது. நிலம் இல்லாதவனுக்கு நிலம் தராது. ஆசிரியர் இல்லாத பள்ளிக்கு ஆசிரியரைக் கொண்டுவராது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திணறுகிற ஆசிரியருக்கு இது கூடுதல் வேலை என்பதும் தெரியும். பரீட்சையில் இதற்கு மார்க் கிடையாது. ஆனால் கணக்கு என்பது மற்ற பாடங்களைப் போல் இல்லை. 'யார் சொன்னது' என்பதற்கு இதில் மதிப்பே கிடையாது. மந்திரி போட்டாலும் மாடு மேய்க்கிறவர் போட்டாலும் ஆறில் அஞ்சு, ஆறில் அஞ்சுதான். பிறப்பைக் கேட்காத ஒரு உண்மை பள்ளிக்கூடத்துக்குள் இருக்கிறது என்றால் அது கணக்குப் பாடத்தில் இருக்கிறது. அதைப் போய், பிறப்பிலேயே வராது என்று சொல்லி நம்ம பிள்ளைகளிடமிருந்து பிடுங்கினார்கள் என்பதுதான் பெரிய அநியாயம்.

இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களில் ஆசிரியர்கள் உண்டு, இரவுப் பாடசாலை நடத்துகிறவர்கள் உண்டு, பிள்ளை பெற்றவர்கள் உண்டு. காலண்டர் தாளுக்குக் காசு வேண்டாம். பழைய நோட்டில் எழுதாத பக்கங்களைக் கிழித்துத் தைத்தால் கைநோட்டு. பிள்ளைகள் எழுதட்டும், அடிக்கட்டும், கோணலாக ஒட்டட்டும். நம்ம பேனா அதற்குள் போக வேண்டாம். அடுத்த தடவை யாராவது உங்க பிள்ளைக்குக் கணக்கு வராது என்று சொன்னால் சண்டை போட வேண்டாம். எந்தக் கணக்கு, எந்த வரியில் நின்றுபோச்சு, எடுத்துக் காட்டுங்க என்று கேளுங்கள். அவர்களால் காட்ட முடியாது. நம்ம பிள்ளையால் முடியும்.